அக்காவின் செக்குக்கு ஒரே பேச்சு

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் காரில் அக்காவின் எண்ணெய்க் கடைக்கு வந்திருக்கிறது. காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகிற சாலையில் திரும்பி உள்ளே இரண்டு கிலோமீட்டர் வர வேண்டும். வந்து பார்த்தால் கடை பூட்டு. ஞாயிறு எப்போதும் விடுமுறைதான், ஆனால் கூகுள் மேப்பில் ஏழு நாளும் திறந்திருக்கும் என்று இருந்தது. கதவில் எழுதியிருந்த எண்ணுக்கு அவர்கள் கூப்பிட, அக்கா வீட்டிலிருந்து ஓடி வந்து திறந்துவிட்டாள். உள்ளே நுழைந்ததும் அந்த வீட்டுச் சிறுவன் கேட்டது, "மாடு எங்கே?"

இன்ஸ்டாகிராமில் நாங்கள் போட்டிருந்த படத்தில் ஒரு காளை செக்கிழுத்துக்கொண்டிருந்தது. அக்காவின் செக்கு மோட்டாரில் ஓடுவது.

பையனின் அப்பா சண்டை எதுவும் போடவில்லை. ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் வாங்கிக்கொண்டார். "மோட்டார்னு போட்டிருந்தாலும் வாங்கியிருப்போம்ங்க. இப்ப மத்ததெல்லாம் நெசமான்னு யோசிக்க வேண்டியிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு அக்கா எனக்கு போன் செய்து அழுதாள். எள்ளைச் சலித்து, கல் பொறுக்கி, கருப்பட்டி தட்டிப் போட்டு ஆட்டுகிறவளுக்கு அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையருக்கு அனுப்புகிற ஆயிரக்கணக்கான பீஸும் ஒப்புதல் வாங்கிய சாம்பிளைப் போலவே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. சாயம் ஒரு இழை கூடினாலும் லாட் திரும்பி வந்துவிடும். அப்படிப்பட்ட நான் சொந்த அக்காவின் கடை நாலு இடத்தில் நாலு விதமாகப் பேசுவதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். அடுத்த மூன்று மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கென்று ஒதுக்கினேன். அதில் என்ன செய்தோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். ஊரில் சின்னதாகக் கடை வைத்துக்கொண்டு போனில் விற்கிற யாருக்காவது உதவும்.

களத்தில் பரப்பிப் பார்த்தது

முதல் ஞாயிறு முழுக்கக் கணக்கெடுப்புதான். கடையின் பெயர் எங்கெல்லாம் இருக்கிறதோ அதையெல்லாம் படமெடுத்துக் காகிதத்தில் அச்சடித்தேன். இன்ஸ்டாகிராம் முகப்பு, கடைசி முப்பது பதிவுகள், ஃபேஸ்புக் பக்கம், வாட்ஸ்அப் பிசினஸ் முகப்பும் கேட்டலாக்கும், கூகுள் மேப் பக்கம், டப்பாவின் லேபிள், பில் புத்தகம், சாலைத் திருப்பத்தில் இருக்கிற பிளெக்ஸ் போர்டு, மாமா (அக்காவின் கணவர்) வண்டியின் பின்னால் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர். எல்லாவற்றையும் தேங்காய்ப் பருப்பு காயப்போடுகிற சிமென்ட் களத்தில் பரப்பி, காற்றில் பறக்காமல் கல் வைத்தோம். திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது தெரியாத விஷயம் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணில் அறைகிறது. இதை யார் செய்தாலும் முதல் வேலையாகக் காகிதத்தில்தான் செய்ய வேண்டும் என்பேன்.

கடையின் பெயர் நான்கு விதமாக இருந்தது. லேபிளில் "எண்ணெய்", பிளெக்ஸில் "எண்ணை", ஃபேஸ்புக்கில் "ஆயில் மில்", கூகுளில் பெயரோடு சேர்த்து "காங்கேயத்தின் சிறந்த மரச்செக்கு எண்ணெய்" என்று ஒரு வால். ஆங்கில எழுத்தில் செக்கு என்பதற்கே மூன்று எழுத்துக்கூட்டல். ஃபேஸ்புக் பக்கத்தில் இருந்த போன் எண்ணை அக்கா விட்டுவிட்டே இரண்டு வருடம் ஆகிறது. எத்தனை பேர் அதற்குக் கூப்பிட்டுப் பார்த்து விட்டிருப்பார்கள் என்று நினைத்து மாமா வெகுநேரம் பேசவே இல்லை.

விலையில் இதைவிடப் பெரிய குழப்பம். இன்ஸ்டாகிராமில் லிட்டர் கணக்கு, வாட்ஸ்அப்பில் கிலோ கணக்கு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் நிற்கும். லிட்டர் 300 ரூபாய் என்றால் கிலோ 330 ரூபாய் வரும். இரண்டும் ஒரே விலைதான். ஆனால் இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்புக்கு வருகிறவருக்கு, ஆள் வந்ததும் 30 ரூபாய் ஏற்றிவிட்டார்கள் என்றுதானே தோன்றும்? அக்காவுக்கு வந்த "அதுல கம்மியாப் போட்டிருக்கீங்களே" சண்டைகளில் பாதி இதனால் வந்தவை. டப்பாவில் அளவும் எடையும் இரண்டும் அச்சிட வேண்டும் என்பது எடையளவு விதி. பேச்சில் எதைச் சொல்வது என்பதைத்தான் நாங்கள் முடிவு செய்யாமலே விட்டிருந்தோம். இனி எங்கேயும் லிட்டர் என்று முடிவானது.

அடுத்தது, சொல்லப்பட்ட சங்கதிகள். இதற்கு முன்பு ஒரு வருடம் வெளியூர் டிசைன் ஆள் ஒருவர் மாதச் சம்பளத்துக்குப் போஸ்டர் செய்து கொடுத்தார். காளைப் படம் அவர் போட்டதுதான். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், எதை எழுத வேண்டும் என்று நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் மற்ற கடைகள் எழுதுவதைப் பார்த்து எழுதினார். "எங்கள் தோட்டத்து எள்" என்று ஒரு போஸ்டர். எங்கள் தோட்டத்தில் இருப்பது தென்னை மட்டும். எள்ளை மாமா சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏலத்தில் எடுக்கிறார், காய்ந்த மூட்டையாகப் பார்த்து, கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்து. அதுவே சொல்ல வேண்டிய நல்ல கதை. அதை விட்டுவிட்டு இல்லாத தோட்டத்தைச் சொல்லியிருக்கிறோம். "துளியும் சூடு ஏறாமல்" என்று இன்னொன்று. மாமா அதைப் படித்துவிட்டு, "உலக்கை சுத்துனா சூடு ஏறாம இருக்குமா? புண்ணாக்கத் தொட்டுப் பாரு, வெதுவெதுப்பாத்தான் இருக்கும். மெஷின்ல ஆட்டுற அளவுக்கு ஏறாது, அவ்வளவுதான்" என்றார்.

"100 சதவீதம் தூய்மை" என்பது பதினோரு போஸ்டரில் இருந்தது. உணவுப் பொருள் லேபிளிலும் விளம்பரத்திலும் "100%" என்று போட வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 மே மாதத்தில் அறிவுறுத்தியிருக்கிறது. "கொலஸ்ட்ரால் இல்லாத கடலை எண்ணெய்" என்று ஒன்று. செடியிலிருந்து வருகிற எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. நம்முடையதில் மட்டும் இல்லை என்று தொனிக்கும்படி சொல்வது ஏமாற்று. சர்க்கரை நோய் குணமாகும் என்கிற ஒரு பதிவும் இருந்தது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மாலை ஆறு மணிக்குக் களத்தில் இருந்த காகிதங்களில் சிவப்புப் பேனா படாதது லேபிள் ஒன்றுதான். லேபிளை அக்காவே எழுதினாள், 2019-ல், ஒரே ஒரு செக்கு வைத்துத் தொடங்கியபோது.

அக்கா போனில் பேசுவதை எழுதியது

அடுத்த வாரம் நான் ஒரு தப்புச் செய்தேன். வீட்டில் உட்கார்ந்து நானாகவே நல்ல தமிழில் பத்துப் பதிவுகள் எழுதினேன். "பாரம்பரியத்தின் மணம் கமழும்" என்கிற ரகம். அக்கா படித்துப் பார்த்தாள். "நல்லாத்தான் கண்ணு இருக்கு. ஆனா இத யாரு பேசுறா?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதிவைப் பார்த்து ஒருவர் போன் செய்தால், எடுப்பது அக்கா. அவள் குரலும் பதிவின் குரலும் வேறு வேறாக இருந்தால் கேட்கிறவர் ஒரு நொடியாவது தடுமாறுவார். நான் எழுதிய பத்தையும் எடுத்து வைத்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, காலை எட்டிலிருந்து மாலை வரை அக்காவின் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். வாடிக்கையாளர் பேசுவதை விட்டுவிட்டு, அவள் பேசுவதை மட்டும் அப்படியே எழுதினேன். ஒரே நாளில் கிடைத்தது இது:

"மோட்டார்தானுங்க ஓட்டுது. ஆனா உரலும் உலக்கையும் வாகை மரமுங்க."

"இன்னிக்கு ஆட்டுனத இன்னிக்கே தர மாட்டோமுங்க. நாலு நாள் தெளியோணும்."

"கசடு கொஞ்சம் அடியில தங்கும், அது பருப்போட தூளுதானுங்க. கடைசி டம்ளர வடிகட்டிக்கங்க."

"விலை கூடத்தானுங்க. ஒரு லிட்டருக்கு ரெண்டரைக் கிலோ கடலைப் பருப்புப் போகுது, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க."

"நல்லெண்ணெய்ல கருப்பட்டி போடுவோம். சர்க்கரை சேத்தமாட்டோமுங்க."

நாள் முழுக்க இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். யாருக்கும் மாற்றிச் சொல்லவில்லை. முதல் தடவை கூப்பிடுகிறவருக்கும் ஆறு வருட வாடிக்கைக்கும் அதே பேச்சு. கடைக்கு ஒரே பேச்சு வேண்டும் என்று நான் எதையோ புதிதாகத் தயாரிக்கப் போனேன். அது ஏற்கெனவே ஆறு வருடமாகப் போனில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதை எழுதி மற்ற இடங்களுக்குக் கொண்டுபோவதுதான் மிச்ச வேலை.

அதிலிருந்து ஒரு தாள் செய்தோம். ஒரே பக்கம், கல்லாப் பெட்டிக்கு மேலே ஒட்டுகிற அளவு. மேலே கடையின் பெயர், லேபிளில் உள்ளபடி, தமிழில் ஒரு எழுத்துக்கூட்டல், ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூட்டல். அதன் கீழே போன் எண், வேலை நேரம், உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண். அப்புறம் நாங்கள் சொல்வது மூன்றே சங்கதி. வாகை மரச்செக்கில் ஆட்டுகிறோம். நான்கு நாள் தெளிய வைக்கிறோம். பருப்பும் எள்ளும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்வோம். அதற்கும் கீழே, சொல்லக் கூடாதவை: நோய் எதையும் குணமாக்கும் என்று சொல்லக் கூடாது, பக்கத்துக் கடையையோ பாக்கெட் எண்ணெயையோ குறை சொல்லக் கூடாது, காளைப் படம் போடக் கூடாது, "100" கூடாது.

பாக்கெட் எண்ணெயைக் குறை சொல்லக் கூடாது என்பதை மாமா ஒப்புக்கொள்ள இரண்டு வாரம் ஆனது. ரீஃபைண்டு எண்ணெய் விஷம் என்று எழுதினால்தான் ஆள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவர் கட்சி. அக்கா, "நம்ம கிட்ட வாங்குற பாதிப் பேர் வீட்டுல பொரிக்கறதுக்கு அதுவும் இருக்குதுங்க. அவங்களப் போயி விஷம் திங்கறீங்கன்னு சொல்றதா?" என்று கேட்டதும் விட்டுவிட்டார்.

நூற்றைம்பது எழுத்துக்குள்

இன்ஸ்டாகிராம் முகப்பில் கடையைப் பற்றி எழுத 150 எழுத்துதான் இடம். தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நாம் எண்ணுவது போல அந்த இயந்திரம் எண்ணாது. "எண்ணெய்" என்பது நமக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்து முறையான யூனிகோடில் அது ஏழு. புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். "மரச்செக்கு" நமக்கு ஆறு, அதற்குப் பத்து. என் முதல் வரைவு பாதியில் வெட்டுப்பட்டது இதனால்தான். சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் நின்றது:

"வாகை மரச்செக்கில் ஆட்டி, நான்கு நாள் தெளிய வைத்த எண்ணெய். கடலை, எள், தேங்காய். காங்கேயம் அருகே. ஞாயிறு விடுமுறை."

இடைவெளியெல்லாம் சேர்த்து 112. மிச்ச இடத்தில் ஏதாவது பூ வைக்கலாமா என்று அக்கா மகன் கேட்டான். வேண்டாம் என்று விட்டோம். கூகுளில் விளக்கத்துக்கு 750 எழுத்து இடம் உண்டு. அங்கே இதே வாக்கியத்தில் தொடங்கி, சிவகிரி ஏலம், தோட்டத்துத் தென்னை, கருப்பட்டி என்று கொஞ்சம் விரித்தோம். தொடக்கம் ஒன்றுதான், இடம் இருக்கிற அளவுக்கு நீளும்.

கூகுளில் பெயருக்குப் பின்னால் இருந்த வாலை வெட்டினேன். போர்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் அங்கேயும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. "சிறந்த", "நம்பர் ஒன்" சேர்த்தால் பக்கத்தையே நிறுத்திவைக்க இடமுண்டு. பெயரை மாற்றியதும் திரும்பவும் சரிபார்க்க வீடியோ கேட்டது. சாலை, போர்டு, உள்ளே செக்கு, கல்லா என்று நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுத்து அனுப்பினோம். அதற்கு முந்தின நாளே எல்லாப் போர்டிலும் இருந்த பெயரை லேபிளோடு ஒத்துப்போகும்படி மாற்றியிருந்தால் நல்லது என்று அப்போதுதான் உறைத்தது. கடை வாசல் போர்டு சரி, சாலைத் திருப்பத்து பிளெக்ஸ்தான் "எண்ணை" என்று நின்றது. நல்லவேளை, வீடியோவை வாசலிலிருந்தே தொடங்கினோம்.

"எண்ணை" பற்றி ஒரு வார்த்தை. தேடுகிறவர்களில் பலர் அப்படித்தான் தட்டுகிறார்கள், அதனால் அதையும் எங்காவது சேர்க்க வேண்டும் என்று ஒரு யோசனை சொல்லப்படும். நான் சேர்க்கவில்லை. டப்பாவில் எழுதியிருப்பதும் திரையில் இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும். தவறான எழுத்தைத் தட்டினாலும் தேடல் ஓரளவு கண்டுபிடித்துவிடுகிறது.

நிறத்தில் சிக்கிய கதை

நேரம் அதிகம் போனது இங்கேதான்.

என் தொழில் புத்தியில் முதலில் நிறத்தைத்தான் பிடித்தேன். துணியில் லேப் டிப், அதாவது சின்னத் துண்டில் சாய மாதிரி, அடித்து, வெயிலிலும் டியூப் லைட்டிலும் வைத்துப் பார்த்து ஒப்புதல் வாங்குவோம். அதுபோல லேபிளின் செம்பழுப்பைத் தாய் நிறமாக எடுத்தேன். ஏற்கெனவே நூற்றுக்கணக்கான வீட்டு அடுப்படியில் அந்த லேபிள் உட்கார்ந்திருக்கிறது, அதை மாற்றக் கூடாது. போஸ்டர் செய்கிற கேன்வா செயலியில் அதற்கு நெருக்கமாக வந்தது 804020 என்ற நிற எண். அதைத் தாளில் எழுதிவிட்டேன். எழுத்துருவுக்கு முக்தா மலர். இலவசம், தடித்ததும் மெலிந்ததும் கிடைக்கும், சின்ன போனிலும் "ணெ" "னெ" குழம்பாமல் தெரியும். அச்சகத்துக்காரர் பழைய வகை எழுத்துரு வைத்திருப்பதால் அவரிடம் எழுத்தாகக் கொடுக்காமல் படமாகவே கொடுக்கிறோம். இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று கலைந்து வரும். இவ்வளவும் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது.

எண்ணெயின் நிறம் வேறு கதை. அக்கா அவ்வப்போது டம்ளரில் ஊற்றிப் படமெடுத்துப் போடுவாள். காலையில் எடுத்தால் ஒரு நிறம், மாலையில் எடுத்தால் ஒரு நிறம், கடைக்குள் எல்இடி விளக்கில் எடுத்தால் பச்சை கலந்த மாதிரி. நல்லெண்ணெய் ஒரு படத்தில் தேன் நிறம், அடுத்ததில் காப்பி நிறம். ஒரு பாட்டி போன் செய்து, "போன தடவ வேற நெறமா இருந்துச்சே, கலப்படமா கண்ணு?" என்று கேட்டார். மசாலா விற்கிறவருக்கோ சேலை விற்கிறவருக்கோ இது சின்ன விஷயமாக இருக்கலாம். எண்ணெயில் நிறம்தான் முதல் சோதனை. நாங்கள் வார்த்தையில் ஒரே பேச்சுப் பேசினாலும் படம் வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருந்தது.

மூன்று ஞாயிறு சோதித்தோம். முடிவில், படமெடுக்க ஒரே இடம்: வீட்டு வடக்குத் திண்ணை, நேர் வெயில் படாத வெளிச்சம். காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள். எண்ணெய்க்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாள். போனை வைக்க ஒரு முக்காலி, அதன் காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று திண்ணையில் பெயின்ட்டால் மூன்று புள்ளி. எடுப்பதற்கு முன் திரையில் அந்த வெள்ளைத் தாளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்கிறது, அதனால் போன் தன்னிஷ்டத்துக்குக் கூட்டிக் குறைப்பதில்லை. ஃபில்டர் எதுவும் போடுவதில்லை. எப்போதும் அதே கண்ணாடி டம்ளர், அதே உயரம்.

இதையெல்லாம் செய்த பிறகும் நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்கிறது, ஏனென்றால் எண்ணெயே மாறுகிறது. புது எள்ளுக்கும் பழைய எள்ளுக்கும், கருப்பட்டியின் பதத்துக்கும் ஏற்ப மாறும். அதை மறைக்காமல் எழுதுகிறோம்: "இந்த வாரம் எள் புதுசு. நிறம் போன மாதத்தைவிடக் கொஞ்சம் வெளிர்." படத்தில் விளக்கால் வருகிற மாற்றத்தை நீக்கிவிட்டதால், மிச்சமிருக்கிற மாற்றம் உண்மையானது என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. இந்த மூன்று மாதத்தில் எனக்கு மிகவும் திருப்தி தந்த வேலை இதுதான்.

தேங்காய் எண்ணெய் உறைவதும் இந்த வகைதான். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் கெட்டியாகும், அது அதன் குணம். மார்கழியில் காலை நேரத்தில் டப்பா முழுக்க வெள்ளையாக நிற்கும். அதற்கு அக்கா ஒரு பதில், மாமா ஒரு பதில், கடையில் வேலை செய்கிற பெண் வேறொரு பதில் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரே பதிலை எழுதி வாட்ஸ்அப்பில் விரைவுப் பதிலாகச் சேமித்தோம். சாய்கோடு தட்டினால் பட்டியல் வரும், தொட்டால் முழு வாக்கியம் விழும். ஐம்பது வரை வைத்துக்கொள்ளலாம். நாங்கள் ஒன்பதோடு நிறுத்திவிட்டோம். ஒன்பதும் நோட்டிலிருந்து எடுத்த அக்காவின் வாக்கியங்கள், "ங்க" உட்பட.

மாமாவின் ஸ்டேட்டஸ்

சர்க்கரை நோய்ப் பதிவுக்கு வருகிறேன். அது டிசைன் ஆள் எழுதியதல்ல. மாமாவுக்கு யாரோ அனுப்பிய ஃபார்வர்டு. எள் எண்ணெயில் வாய் கொப்பளித்தால் சர்க்கரை போகும், புற்றுநோய் வராது என்று போகும். மாமா நல்லெண்ணத்தில்தான் கடை எண்ணின் ஸ்டேட்டஸில் போட்டார். அங்கிருந்து அக்கா மகன் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டான்.

மாமாவிடம் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவுப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு. இந்தந்த நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954-லேயே ஒரு தனிச் சட்டம் இருக்கிறது, அந்தப் பட்டியலில் புற்றுநோயும் நீரிழிவும் உண்டு. மாமா கேட்டுக்கொண்டார். ஆனால் அவரை மாற்றியது சட்டமல்ல. எங்கள் ஊரிலேயே ஒரு அண்ணன் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, "உங்க வீட்டுக்காரரு போட்டிருந்தாருல்ல" என்று நல்லெண்ணெய் வாங்க வந்தார். அக்கா அவரைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசி, மாத்திரையை விட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினாள். மாமா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றே தன் சொந்த எண்ணுக்குச் சாதாரண வாட்ஸ்அப், கடை எண்ணுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் என்று ஒரே போனில் பிரித்துக்கொண்டார். கடை எண்ணின் ஸ்டேட்டஸை இப்போது அக்கா மட்டும்தான் போடுகிறாள்.

தீபாவளி

எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது தீபாவளி வந்தது. பலகாரத்துக்கு எண்ணெய் கேட்டு ஆர்டர் குவிந்தது. அக்கா மகன் கல்லூரியிலிருந்து ஒரு ரீல் போட்டான், நன்றாகவே இருந்தது, கடைசியில் "தீபாவளிக்கு 10 சதவீதம் தள்ளுபடி" என்று முடித்திருந்தான். யாரிடமும் கேட்கவில்லை. மற்ற கடைகள் போடுகிறார்களே என்று ஆசையில் போட்டது. போன் மேல் போன். அக்கா தெரியாமல், "நாங்க தள்ளுபடியே கொடுக்கறதில்லீங்க" என்று நான்கைந்து பேரிடம் சொல்லிவிட்டாள்.

அன்று இரவு கணக்குப் போட்டோம். கடலைப் பருப்பு விலைக்கும் எண்ணெய் விலைக்கும் நடுவில் நிற்பது கொஞ்சம்தான், அதிலும் பாதி புண்ணாக்கு விற்று வருவது. பத்து சதவீதம் கொடுத்தால் அந்த வாரம் கையில் ஒன்றும் நிற்காது. ரீலை அழித்துவிடலாம் என்றேன். அக்கா ஒப்பவில்லை. கடை பேரில் சொன்னது சொன்னதுதான் என்றாள். தீபாவளி வரை ஆர்டர் கொடுத்த எல்லாருக்கும் கொடுத்தாள். முழு விலை கட்டியவர்களைத் தேடிக் கூப்பிட்டு, அடுத்த தடவை கழித்துக்கொள்கிறேன் என்றாள். முதலில் மறுத்துச் சொன்ன அந்த நான்கைந்து பேரையும் கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு தாளில் ஒரு வரி கூடியது. விலையும் சலுகையும் போஸ்டரிலோ ரீலிலோ வராது. வாட்ஸ்அப் கேட்டலாக்கில் மட்டும், தேதியோடு இருக்கும். பருப்பு விலை மாதத்துக்கு இரண்டு தடவை மாறுகிற தொழிலில் விலை போட்ட படம் ஒன்று வெளியே போனால் ஆறு மாதம் கழித்தும் யாராவது ஒரு குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும். பையனுக்கு வருத்தம்தான். அவனிடம் வீடியோ முழுவதையும் ஒப்படைத்திருக்கிறோம், தாளில் உள்ள மூன்று சங்கதிக்குள் எப்படி வேண்டுமானாலும் எடு என்று. போன வாரம் உலக்கை சுற்றுகிற சத்தத்தை மட்டும் வைத்து, பேச்சே இல்லாமல் ஒரு நிமிடம் எடுத்திருந்தான். மோட்டார் பெல்ட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதையே முகப்பில் முதலாவதாகப் பொருத்தி வைத்திருக்கிறோம்.

தினமும் ஒரு பதிவு என்று தொடங்கியது தாக்குப்பிடிக்கவில்லை. ஆட்டுகிற நாளில் அக்காவுக்குக் கை ஒழியாது. இப்போது செவ்வாயும் வெள்ளியும் மட்டும். செவ்வாய் அன்று ஆட்டியது, வெள்ளி அன்று, செவ்வாயோடு சேர்த்து நாலாம் நாள், தெளிந்தது. ஃபேஸ்புக்கில் வயதானவர்கள் அதிகம் என்பதால் அதே சங்கதியைக் கொஞ்சம் நீட்டி எழுதுவோம், இன்ஸ்டாகிராமில் படம் பேசிவிடும். ஒரே சேதியைப் பலருக்கு அனுப்புகிற வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர், அதிலும் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். அதனால் டப்பா மூடியில் "இந்த எண்ணைச் சேமித்து வையுங்கள், ஆட்டுகிற நாள் தெரியும்" என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுகிறோம்.

தை பிறந்து இரண்டாவது வாரம் அந்தக் கோயம்புத்தூர் குடும்பம் திரும்ப ஆர்டர் கொடுத்தது, இந்தத் தடவை வாட்ஸ்அப்பில், பத்து லிட்டர். கூடவே, "பையன் மோட்டார் செக்கு வீடியோவைப் பார்த்துட்டு இதுதான் நாம போன இடம்னு சொன்னான்" என்று எழுதியிருந்தார்கள். அக்கா அதை எனக்கு அனுப்பிவிட்டு வேறொன்றும் எழுதவில்லை.

மிச்சம் இருப்பது சாலைத் திருப்பத்து பிளெக்ஸ். அதில் இன்னும் "எண்ணை"யும் பழைய போன் எண்ணும்தான் நிற்கின்றன. கிழித்துவிட்டுத் தகரப் பலகையில் கையால் எழுதுவதாக முடிவு. பெயின்டர் வெள்ளிக்கிழமை வருகிறார். முதலில் பென்சிலால் எழுதிப் படம் அனுப்பட்டும், தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பெயின்ட் டப்பாவைத் திறக்கட்டும் என்று அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறாள்.